தலைவர் ஒருவர் அன்றே பேசியிருந்தால்: ஆட்டிசத்தை வைத்து மாற்று வரலாறு போட்டுப் பார்க்கும் முறை

நடந்த வரலாற்றில் ஓர் இடத்தை மட்டும் மாற்றி வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு எதெல்லாம் மாறியிருக்கும், எதெல்லாம் மாறாமலே கிடந்திருக்கும் என்று காரண காரியத்தோடு கணக்குப் போடுவதுதான் மாற்று வரலாறு. இது கற்பனைதான், ஆனால் கட்டுப்பாடுள்ள கற்பனை. ஒரு விளைவுக்கு உண்மையான காரணம் எது என்று தெரிய வேண்டுமானால், அந்தக் காரணத்தை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அதைச் செய்துவிடலாம். வரலாற்றை மறுபடி ஓட்ட வழியில்லை என்பதால் அதைத் தாளில் ஓட்டிப் பார்க்கிறோம்.

இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி இது. நாடு விடுதலை பெற்ற காலத்தில் தேசத் தலைவர் ஒருவர் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் பக்கம், அதிலும் பேச்சிலும் பிறரோடு பழகுவதிலும் வித்தியாசமாக வளரும் நிலையான ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பக்கம் நின்றிருந்தால், கடலூரிலும் புதுச்சேரியிலும் அவர்களுடைய வாழ்க்கை எப்படி மாறியிருக்கும்? இந்த இரண்டு ஊரையும் சேர்த்து எடுப்பதற்குக் காரணம் உண்டு. இடையில் இருப்பது இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். மொழியும் உறவுமுறையும் சாப்பாடும் ஒன்று. ஆனால் 1947இல் கடலூர் சென்னை மாகாணத்தின் தென்னார்க்காடு மாவட்டத் தலைநகர்; புதுச்சேரியோ பாரிசின் ஆட்சியில் இருந்தது. எல்லையில் இருக்கும் முள்ளோடைக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் பாகூரில் வேறு சட்டம். ஒரே மாதிரி இரண்டு குழந்தைகள், இரண்டு அரசுகள் என்று ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அந்த ஆண்டில் அது தெரிந்திருந்ததா?

"1947இல் நேரு ஆட்டிசத்துக்குத் தேசியத் திட்டம் அறிவித்திருந்தால்..." என்றுதான் பலரும் தொடங்குவார்கள். முதல் அடியிலேயே இது உடைந்துபோகும். ஆட்டிசத்தைத் தனி நிலையாக அமெரிக்காவில் லியோ கேனர் விவரித்தது 1943இல், அதுவும் 11 குழந்தைகளை மட்டும் வைத்து. வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் எழுதியது 1944இல் வெளிவந்தது. இவர்களுக்கும் முன்பே, 1925இல், மாஸ்கோவில் க்ரூன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் ஏறத்தாழ இதே இயல்புகளை ஆறு சிறுவர்களிடம் பதிவு செய்திருந்தார். உலகம் அதைத் திரும்பிப் பார்க்கவே பல பத்தாண்டுகள் ஆயின. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேட்டில் ஆட்டிசத்துக்குத் தனி இடம் கிடைத்தது 1980இல்தான். ஆகவே 1947இல் தில்லியில் இருந்த ஒரு தலைவர் அதைக் கேள்விப்பட்டிருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

இதனால் பயிற்சியைக் கைவிட வேண்டியதில்லை. கேள்வியைத்தான் திருத்த வேண்டும். அன்று வழக்கில் இருந்த வகை "மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள்" என்பது. தலைவர் அவர்களுக்காகப் பேசியிருந்தால், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் பின்னாளில் அந்த வாசல் வழியாக உள்ளே வந்திருப்பார்கள். அதற்கு வேண்டிய அறிவு அன்று இருந்தது. 1944இல் வந்த சார்ஜென்ட் கல்வி அறிக்கை, குறைபாடுள்ள குழந்தைகளுக்கான ஏற்பாடு தேசியக் கல்வி அமைப்பின் உள்ளேயே இருக்க வேண்டும் என்று எழுதியது. சுதந்திர இந்தியாவால் இதைச் செய்ய முடியாது என்பதும் இல்லை. பார்வையற்றோருக்காக 1947இலேயே மத்தியக் கல்வித்துறையில் ஒரு பிரிவு வந்துவிட்டது. 1951இல் இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான பாரதி பிரெயில் முறை ஏற்கப்பட்டது. அந்தப் பிரிவில் பணியாற்றிய லால் அத்வானி தாமே பார்வையற்றவர். கோப்பு நகரும் மேசையில் விஷயம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். பேச்சு வராத, பதில் பார்வை பார்க்காத ஒரு பிள்ளைக்கு அந்த மேசையில் யாரும் இல்லை.

உண்மையில் நடந்ததை அளவுகோலாக வைப்பது

தலைவர் ஒருவர் அக்கறை எடுத்தால் என்ன நடக்கும் என்பதை நாமாக ஊகிக்க வேண்டாம். மூன்று தலைவர்கள் விஷயத்தில் நடந்தே இருக்கிறது. மாற்று வரலாறு எழுதுபவர் முதலில் இவற்றைப் படிக்க வேண்டும் என்பேன்; படிக்காமல் எழுதினால் அது வெறும் ஆசையாக நின்றுவிடும்.

அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1921இல் இளம்பிள்ளை வாதத்தால் கால்களின் செயலை இழந்தவர். 1933 முதல் 1945 வரை ஆண்டார். சக்கர நாற்காலியில் இருக்கும் தோற்றம் மக்கள் கண்ணில் படாதபடி பார்த்துக்கொண்டார். 1938இல் அவர் தொடங்கிய நிதியமைப்பு பத்துக் காசு, பத்துக் காசாகச் சேர்த்த பணம்தான் 1955இல் வந்த சால்க் தடுப்பூசிக்கு வழி செய்தது. நோயை ஒழிக்கும் வேலை மாபெரும் வெற்றி. ஆனால் அந்த நோயோடு ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தவர்களுக்குச் சாய்தளம், பள்ளி, வேலை என்ற உரிமை அவர் காலத்தில் வரவில்லை. குணப்படுத்துவதற்காகப் பேசுவதும் உரிமைக்காகப் பேசுவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

கென்னடியின் தங்கை ரோஸ்மேரிக்கு அறிவுசார் குறைபாடு இருந்தது. 1941இல், 23 வயதில், மூளையில் அறுவை செய்து அவரை இன்னும் முடக்கிவிட்டார்கள். குடும்பம் அதை வெளியில் சொல்லவில்லை. 1961இல் கென்னடி அதிபரானதும் இதற்கென ஒரு வல்லுநர் குழு அமைத்தார். 1962இல் இன்னொரு தங்கை யூனிஸ் ஒரு வார இதழில் ரோஸ்மேரியைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். 1963 அக்டோபரில் இரண்டு சட்டங்கள் வந்தன; ஆராய்ச்சி மையங்களுக்கும் பயிற்சி மையங்களுக்கும் பணம் போனது. அடுத்த மாதமே கென்னடி கொல்லப்பட்டார், ஆனால் சட்டமும் பணமும் நின்றன. கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, நியூயார்க்கின் வில்லோபுரூக் போன்ற பெரிய விடுதிகளில் பிள்ளைகள் அடைபட்டுக் கிடந்த கொடுமை அந்தச் சட்டங்களுக்குப் பிறகும் தொடர்ந்தது. 1972இல் தொலைக்காட்சியில் வந்த பிறகே நாடு அதிர்ந்தது, விடுதி மூடப்பட்டது 1987இல். இரண்டு, அந்தச் சட்ட வரிசையின் வரையறைக்குள் ஆட்டிசம் நுழைந்தது 1975இல். நுழைய வைத்ததில் 1965இல் சங்கம் கட்டிய பெற்றோருக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்களிடம் அதிபர் யாரும் இல்லை.

மூன்றாமவர் நம் பக்கத்து வீட்டு வரலாற்றைச் சேர்ந்தவர்.

புதுச்சேரிக் கணக்கு: 1945

பிரான்சின் போர்க்காலத் தலைவர் சார்ல் தெ கோலுக்கு ஆன் என்று ஒரு மகள். 1928இல் பிறந்தவர், டவுன் நோய்க்குறி உள்ளவர். அந்தக் காலத்துப் பெரிய குடும்பங்கள் செய்ததுபோல அவரை விடுதிக்கு அனுப்பாமல், போகும் இடமெல்லாம் கூடவே வைத்துக்கொண்டார்கள். 1945இல் தெ கோலும் மனைவி இவோனும், அறிவுசார் குறைபாடுள்ள பெண் பிள்ளைகளுக்காக மகள் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். ஆன் 1948இல், 20 வயதில் இறந்தார். பிற்பாடு தன் நினைவுக் குறிப்புகளின் உரிமத்தொகையையும் தெ கோல் அந்த அறக்கட்டளைக்கே கொடுத்தார். புதுச்சேரிக்கும் இவருக்கும் நேரடித் தொடர்பு உண்டு: 1940இல் பாரிஸ் வீழ்ந்தபோது பிரெஞ்சிந்திய நிர்வாகம் தெ கோலின் பக்கம் சேர்ந்தது.

இப்போது ஒரே ஒரு மாற்றம். தெ கோல் அந்த அறக்கட்டளையைக் குடும்ப விஷயமாக வைக்காமல், அரசின் கடமையாக ஆக்கியிருந்தால்?

அதற்கு வாய்ப்பு இருந்த காலத்தை அளக்க வேண்டும். 1945 அக்டோபர் 4ஆம் தேதிதான் பிரான்சின் சமூகப் பாதுகாப்பு ஆணை வந்தது. 1946 ஜனவரி 20இல் தெ கோல் பதவி விலகினார். ஏறத்தாழ மூன்றரை மாதம்தான் கதவு திறந்திருந்தது. அந்த ஆணைகளோடு அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான கல்வியையும் உதவித்தொகையையும் சேர்த்திருக்கலாம். அது நம்பத்தக்க மாற்றமே. மாற்றுத்திறனாளிகளுக்கான பிரான்சின் அடிப்படைச் சட்டம் உண்மையில் வந்தது 1975இல். ஆக பிரான்சுக்கு 30 ஆண்டு மிச்சம்.

புதுச்சேரிக்கு? இங்கேதான் நிதானம் வேண்டும். பாரிசில் இயற்றிய சட்டம் தானாகக் குடியேற்றத்துக்குப் பொருந்தாது. இங்கே தனியாகப் பிரகடனம் செய்ய வேண்டும். போர் முடிந்து வெறுங்கையோடு நின்ற பிரான்ஸ், தன் ஊரில் கொடுத்த சமூகப் பாதுகாப்பையே குடியேற்றங்களுக்கு அப்படியே கொடுக்கவில்லை. 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. இடையில் இருந்த ஒன்பது ஆண்டில், விடுதலைப் போராட்டம் சூடாக இருந்த ஊரில், ஒரு சிறப்புப் பள்ளி எழுந்திருந்தால் அதிகம். அது எழ வாய்ப்பிருந்த இடம் மருத்துவப் பள்ளி. 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய அதுவே 1964இல் ஜிப்மர் என்று பெயர் பெற்றது. அங்கே ஒரு குழந்தை உளவியல் பிரிவு 1940களிலேயே வேர்விட்டிருந்தால், ஆட்சி மாறியபோதும் அது கட்டடத்தோடு சேர்ந்து இந்தியாவுக்கு வந்திருக்கும். 1962க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களுக்கும் ஏதோ பயன் இருந்திருக்கும். பாகூரில் வயல் வேலைக்குப் போகும் ஒரு தாயின் பிள்ளைக்கு அநேகமாக ஒன்றும் மாறியிருக்காது. தலைவரின் மனம் உண்மையாக இருந்தும் பயன் கடல் தாண்டி வரவில்லை என்பதே இந்தக் கணக்கின் விடை.

கடலூர்க் கணக்கு: ஒரு வரியை இடம் மாற்றினால்

கடலூருக்கு மாற்றிப் பார்க்கத் தகுந்த இடம் 1949, அரசியல் நிர்ணய சபை. அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றால் பாகுபாடு கூடாது என்கிறது. உடல், மனக் குறைபாடு அந்த வரிசையில் இல்லை. அதைச் சேர்த்திருந்தால் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் அதிகாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஏழாம் அட்டவணை. அதில் மாநிலப் பட்டியலின் 9ஆவது இனம் "ஊனமுற்றோருக்கும் வேலைக்குத் தகுதியற்றோருக்கும் நிவாரணம்" என்ற பொருளில் இருக்கிறது. அந்த ஒரே வரியில் இரண்டு முடிவு எடுத்தாகிவிட்டது: இது நிவாரண வேலை, இது மாநிலத்தின் வேலை.

விளைவு சின்னதல்ல. நாடு முழுவதற்குமான சட்டம் கொண்டுவர நாடாளுமன்றத்துக்கு நேர்வழி இல்லாமல் போனது. 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டமே, 1992இல் பெய்ஜிங்கில் ஆசிய பசிபிக் நாடுகள் செய்த பிரகடனத்தை நிறைவேற்றுவதாகச் சொல்லி, பன்னாட்டு உடன்பாடுகளுக்கான 253ஆவது பிரிவின் துணையோடுதான் வந்தது. அந்தச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. ஆட்டிசம் அதில் இல்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெற்றது. 21 வகைகளோடு, கல்வி, வேலை உரிமைகளோடு அது முழுமையாக உள்ளே வந்தது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில்.

அந்த 9ஆவது இனத்தை 1949இல், மத்திய அரசும் மாநிலங்களும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்கு நகர்த்தி, "நிவாரணம்" என்பதற்குப் பதிலாகக் "கல்வியும் மறுவாழ்வும்" என்று எழுத ஒரு தலைவர் வாதாடி வென்றிருந்தால்? அன்றைய அறிவுக்குள் அடங்கிய மாற்றம் இது. சார்ஜென்ட் அறிக்கை கையில் இருந்தது. முதல் தேசியச் சட்டம் 1995 வரை காத்திருக்கத் தேவையிருந்திருக்காது. 1966இல் அறிக்கை தந்த கோத்தாரி கல்விக்குழு, 1986க்குள் பார்வையற்ற, செவித்திறனற்ற, கை கால் குறைபாடுள்ள பிள்ளைகளில் 15 விழுக்காட்டினருக்கும் மனவளர்ச்சி குன்றியவர்களில் 5 விழுக்காட்டினருக்கும் கல்வி தந்தால் போதும் என்ற அளவில் இலக்கு வைத்தது. நூற்றில் 95 பேரை விட்டுவிடலாம் என்று ஒரு நல்ல குழுவே நினைக்கும் அளவுக்கு நிவாரண மனப்பான்மை ஊறியிருந்தது. சட்டக் கடமை இருந்திருந்தால் அந்த எண்ணை அப்படி எழுதியிருக்க முடியாது.

ஆனாலும் தாளில் எழுதியது தானாக நடந்துவிடாது. 14 வயது வரை எல்லோருக்கும் கட்டாயக் கல்வி, அதுவும் பத்தே ஆண்டில் என்று 45ஆவது பிரிவு 1950இலேயே சொன்னது. நீதிமன்றத்தில் கேட்டு வாங்க முடியாத வழிகாட்டு நெறியாக அது இருந்ததால், உரிமையாக நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1இல். நம் மாற்று வரலாற்றிலும் இந்த ஆபத்தைக் கழித்தே கணக்குப் போட வேண்டும்.

ஆசிரியர் எங்கிருந்து வருவார்?

மாற்று வரலாறுகள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இது. அறிவிப்பு ஒரு நாளில் வரும். ஆள் ஒரு நாளில் வரமாட்டார். காமராசர் முதல்வராக இருந்த 1954 முதல் 1963 வரையிலான காலத்தை எடுங்கள். ஊருக்கு ஊர் பள்ளி, மதிய உணவு என்று பெரும் அலை எழுந்த காலம். அந்த அலையோடு, பள்ளியில் சேர்க்க முடியாத பிள்ளை என்று யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது என்ற உத்தரவும் 1955இல் போனதாக வைத்துக்கொள்வோம்.

சிறப்பாசிரியர் பட்டயப் படிப்பு இன்று இரண்டு ஆண்டு. அன்று சொல்லிக்கொடுக்கவே ஆள் இல்லை. பயிற்றுநரை வெளியில் அனுப்பிப் படிக்க வைக்க இரண்டு ஆண்டு. முதல் அணி வெளிவர 1959 ஆகிவிடும். ஆண்டுக்கு 40 பேர் என்று வைத்தால், யாருமே விலகாவிட்டாலும் பத்து அணிகளில் 400 பேர். 2021இல் உச்ச நீதிமன்றம் தொடக்கப் பள்ளிகளுக்கென ஏற்றுக்கொண்ட விகிதம் 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர். ஆக 4,000 பிள்ளைகள். இனி தேவையைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் என்பது. 5 லட்சம் பிள்ளைகள் உள்ள ஒரு மாவட்டம் என்றால் ஏறத்தாழ 3,900 பேர். பத்தாண்டு உழைப்பில் உருவான மொத்த ஆசிரியர்களும் ஒரே ஒரு மாவட்டத்தின் ஆட்டிசப் பிள்ளைகளுக்குத்தான் காணும். மற்றக் குறைபாடுகளை இதில் சேர்க்கவே இல்லை. 40, 5 லட்சம் ஆகியவை நாம் வைத்துக்கொண்ட எண்கள். மாற்றிப் போட்டுப் பாருங்கள், மலைப்பு குறையாது. அதனால்தான் நல்ல தொடக்கம் என்பது பயிற்சி இடங்களை முதலில் தொடங்குவது. பள்ளிச் சேர்க்கையை முதலில் அறிவித்தால், பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும், சொல்லிக்கொடுக்க ஒருவரும் இருக்கமாட்டார். அடுத்த ஆண்டு அந்தத் தாயே பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார்.

அக்கறையே தீங்காகும் இடம்

நல்ல தலைவர் வந்தால் நல்லதுதான் நடக்கும் என்ற நினைப்பை ஆட்டிசம் உறுதியாக மறுக்கிறது. 1949இல் கேனரே பெற்றோரின் உணர்ச்சிக் குளிர்ச்சியைப் பற்றி எழுதினார். 1950களிலும் 60களிலும், தாயின் அன்பின்மைதான் காரணம் என்ற கருத்து அமெரிக்காவில் கோலோச்சியது. ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லண்ட் 1964இல் உயிரியல் காரணத்தை வலுவாக முன்வைத்த பிறகே அது சரியத் தொடங்கியது.

இப்போது நம் தலைவர் 1955இல் ஆர்வத்தோடு வெளிநாட்டு வல்லுநர்களை வரவழைக்கிறார் என்று வையுங்கள். அவர்கள் கொண்டுவருவது அன்றைய "அறிவியல்". கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு மருத்துவர் ஒரு தாயிடம், "நீங்கள் பிள்ளையைச் சரியாகக் கொஞ்சவில்லை, அதனால்தான்" என்று சொல்லியிருப்பார். மாமியார் வீட்டில் கேட்ட அதே பழி, இப்போது அரசு முத்திரையோடு. கூடவே, சிதறிய சின்னப் பள்ளிகளைவிடச் சென்னையில் ஒரே பெரிய விடுதி கட்டுவது சிக்கனம் என்று கோப்பில் குறிப்பு ஏறியிருக்கும். தலைவர் கையால் திறப்பு விழாவும் நடந்திருக்கும். வில்லோபுரூக் பிறந்ததும் இப்படியான நல்லெண்ணத்தில்தான். ஆகவே ஆட்டிசத்தைப் பொறுத்தவரை, 1950களில் குறைவாகப் பேசி, வரியையும் பணத்தையும் பயிற்சியையும் சரியாக வைத்த ஒரு தலைவர்தான், மேடை மேடையாகப் பேசிய தலைவரைவிட அதிகம் பயன்பட்டிருப்பார் என்பது இந்தக் கணக்கிலிருந்து எனக்குக் கிடைக்கும் முடிவு.

நீங்களே போட்டுப் பார்க்க

ஒரு முழுத்தாளை எடுத்து நான்கு பத்தியாகக் கோடு கிழியுங்கள். முதல் பத்தியில் நடந்தது, ஆண்டோடு. இரண்டாவதில் நீங்கள் மாற்றும் ஒரே நிகழ்வு. இரண்டு மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் போகும். மூன்றாவதில் அந்த மாற்றம் ஒரு பிள்ளையின் கையில் வந்து சேர வேண்டிய ஒவ்வொரு கையும்: சட்டம், விதி, நிதி, பயிற்சி, மருத்துவர், சான்றிதழ், பேருந்து. நான்காவதில் மாறாமல் இருந்தது. நான்காம் பத்தி காலியாக இருந்தால் எங்கோ ஏமாந்திருக்கிறீர்கள் என்று பொருள்.

மூன்றாம் பத்திக்கு ஓர் உதாரணம். இந்தியாவில் ஆட்டிசத்தை அளக்கும் அளவுகோலில் 40 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 மதிப்பெண். கூட்டுத்தொகை 70க்குக் கீழ் இருந்தால் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. இதை வைத்துத்தான் சான்றிதழில் விழுக்காடு எழுதுகிறார்கள். 40 விழுக்காடு இருந்தால்தான் பல உரிமைகள் திறக்கும். 1995 சட்டத்தில் ஆட்டிசம் இருந்து, இந்த அளவுகோல் இல்லாமல் இருந்திருந்தால்? விருத்தாசலத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் பேருந்தில், கூட்டமும் ஹாரன் சத்தமும் தாங்காத பிள்ளையோடு கடலூர் அரசு மருத்துவமனைக்கு வந்த தாயிடம், எந்த எண்ணை எழுதுவது என்று தெரியாமல் மருத்துவர் கைவிரித்திருப்பார். சங்கிலியில் இந்த ஒரு கை விட்டுப்போனாலும் மேலே இருக்கும் தலைவர் யாராக இருந்தும் பயனில்லை.

பழைய ஆண்டுகளில் தேர்ச்சி வந்ததும், முன்னே இருக்கும் ஆண்டை எடுத்து இதே நான்கு பத்தியைப் போடலாம். ஆங்கிலேயர் காலக் கணக்கெடுப்புகள் 1931 வரை பார்வையற்றோர், காது கேளாதோர் போன்றோரை எண்ணின. 1941இல் அந்தக் கேள்வி போனது, 1951இலும் வரவில்லை. 2011 படிவத்தில் எட்டு வகைகள் இருந்தன, ஆட்டிசத்துக்குத் தனிக் கட்டம் இல்லை. அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. இரண்டாம் பத்தியில் "ஆட்டிசத்துக்கு ஒரு கட்டம்" என்று எழுதுங்கள். பிறகு அந்தக் கட்டத்தை நிரப்பப் போகும் கணக்கெடுப்பாளர் வீட்டு வாசலில் நின்று எந்தக் கேள்வியை, எந்தச் சொற்களில் கேட்பார் என்பதை மூன்றாம் பத்தியின் முதல் வரியாக எழுதுங்கள்.